வழித்துணை: பஞ்சார் ஆற்றங்கரையில் மூன்று நாள்

சென்ற திங்கள் இப்பகுதியில், பொங்கலுக்கு ஊர் செல்வோர் புகைவண்டியில் இடம் பதிவு செய்துகொள்ளும் முறைகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர், “இடம் கிடைத்தவர்க்கு வழி சொன்னீர், கிடைக்காதவர்க்கு என்ன வழி?” என்று கேட்டுள்ளனர். நியாயமான கேள்வியே. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அறுபதாம் நாள் காலையில் சென்னை வண்டிகளில் இடம் நிரம்பிவிடும் விரைவை நாள்தோறும் காண்பவர் நாம். இடம் கிடைக்காமல், எடுத்த விடுப்பும் கையிலிருக்க, வீட்டிலே முகம் வாடி அமர்ந்திருக்கும் குடும்பங்களுக்காகவே இத்திங்கள் எழுதுகிறோம்.

வெளியூரில் வாழும் நம்மவர் அறிந்த வழிகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று அலுவலகத்துக்குச் செல்லும் வழி. மற்றொன்று ஊருக்குச் செல்லும் வழி. நாக்பூரில் இருபது ஆண்டு வாழ்ந்தும் கோந்தியாவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்திராத குடும்பங்கள் நம் சங்கத்திலேயே பல உள. அப்பால் இருப்பது மைக்கல் மலைத்தொடர். அதன் அடியில் கான்ஹாக் காடு. சென்ற மார்கழியில் அன்னையார், துணைவியார், இரு மக்கள் ஆகியோருடன் அங்கே மூன்று நாள் தங்கி வந்தோம். அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் வழி. நாக்பூரிலிருந்து ஹௌரா செல்லும் பெரும்பாதையில் கோந்தியா வரை செல்லவேண்டும். அங்கே வண்டி மாறிப் பாலாகாட் சேரலாம். இப்பகுதியில் முன்னாளில் ஓடியது, பெங்கால் நாக்பூர் இருப்புப்பாதைக் கம்பெனியார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த, இரண்டரை அடி அகலமே உள்ள குறும்பாதை. ஜபல்பூர் – நைன்பூர்ப் பகுதியில் அந்தச் சிறுவண்டி 2015-இல் நிறுத்தப்பட்டது. இன்று கோந்தியாவிலிருந்து ஜபல்பூர் வரை அகலப்பாதையே. பாலாகாட்டிலிருந்து பைஹர் வழியாக முக்கி என்னும் சிற்றூருக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சாலையில் செல்லவேண்டும். காட்டின் வாயில்களுள் ஒன்று அங்கே உள்ளது. பஞ்சார் ஆற்றின் கரையில் மத்தியப் பிரதேச அரசின் சுற்றுலாக் கழகத்தார் நடத்தும் விடுதியும் அங்கேயே இருக்கிறது. தனியார் விடுதிகளும் பல உண்டு. அவற்றுள் சிலவற்றில் ஓர் இரவுக்குக் கேட்கும் தொகை நம்மைப் போன்ற எழுத்தரின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே அரசு விடுதியையே நாடினோம்.

விடுதியில் நம்மவர்க்கு முதலில் விளங்குவது ஓசையின்மை. இருப்புப்பாதைக் குடியிருப்பில் வாழ்ந்து பழகியவர்க்கு இரவு முழுதும் வண்டி செல்லும் ஓசை தாலாட்டுப் போன்றது. அது இல்லாத முதல் இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் புள்ளிமான் குரல் கொடுத்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. கைபேசிக்கு அலை சரியாகக் கிடைக்கவில்லை. மக்கள் இருவரும் முதல் நாள் மாலை அதற்காக வருந்தினர்; மறுநாள் அதை மறந்தனர்.

குளிரைப் பற்றி ஒரு சொல். மார்கழி, தை விடியற்காலையில் அங்கே புல்வெளிகளில் உறைபனி படியும். திறந்த வண்டியில் காற்று முகத்தில் அறையும்போது, நாக்பூர்க் குளிருக்கு வாங்கிய ஒற்றைக் கம்பளிச் சட்டை போதாது. காதை மூடும் குல்லாயும், மடிமேல் போர்த்திக்கொள்ளக் கம்பளியும் வேண்டும். முதியோரை அழைத்துச் செல்வோர் இதை மறக்கலாகாது.

காட்டைச் சுற்றிப் பார்ப்பதற்குச் சொந்த வண்டியில் செல்ல இயலாது. வனத்துறையில் பதிவு பெற்ற திறந்த ஜிப்சி வண்டியில், அத்துறை அமர்த்தும் வழிகாட்டியோடுதான் செல்லவேண்டும். வண்டி ஒன்றில் ஆறு பேர் அமரலாம். நால்வர் மட்டுமே உள்ள குடும்பத்தார், வேறொரு குடும்பத்தாரில் இருவரைச் சேர்த்துக்கொண்டால் செலவு குறையும். விடியலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் வண்டிகள் உள்ளே விடப்படும். புதன்கிழமைப் பிற்பகல் விடுமுறை. மழைக்காலமாகிய ஜூலை முதல் செப்டம்பர் வரை மையக்காடு மூடப்படும். அனுமதிச்சீட்டை வனத்துறையின் வலைத்தளத்தில் பல வாரம் முன்னரே பெற்றுக்கொள்வது நலம். பதிவில் காட்டிய அடையாள அட்டையின் மூலத்தையே வாயிலில் கேட்பர், நகல் செல்லாது.

இனிக் காட்டுக்குள் செல்வோம். கான்ஹாவின் மையப் பகுதி மட்டும் 940 சதுரக் கிலோமீட்டர். அதில் பார்வையாளர்க்குத் திறந்துவிடும் பகுதி ஐந்தில் ஒன்றைத் தாண்டலாகாது என்பது 2012-இல் ஏற்பட்ட விதி. நுழைந்தவுடன் இருபுறமும் தூண்கள் போல நிமிர்ந்து நிற்பவை சால மரங்கள். குங்கிலியம் என்று நாம் தூபத்துக்கு இடும் பிசின் தரும் மரங்களுள் இதுவும் ஒன்று. பெரும்பாலான காடுகள் இலையுதிர்த்து நிற்கும் காலத்திலும் இம்மரம் முற்றும் வெறுமையாவதில்லை.

இந்தச் சால மரத்தோடு இருப்புப்பாதையில் பணிபுரிவோர்க்கு ஒரு பழைய கணக்கு உண்டு. நம் நாட்டில் இருப்புப்பாதைகள் விரைந்து பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒரு மைல் பாதைக்கு ஏறக்குறைய 1,760 முதல் 2,000 வரை சிலீப்பர் கட்டைகள் தேவைப்பட்டன. எல்லா மரமும் அதற்கு உதவா. மழையிலும் கறையானிலும் தாங்கி நின்றவை தேக்கு, சாலம், இமயமலைத் தேவதாரு ஆகிய மூன்றே என்று சொல்லலாம். ஆகவே கோடரி அம்மூன்றையும் தேடிச் சென்றது. மரம் அருகிவிடும் என்ற அச்சம் தோன்றிய பின்னரே 1864-இல் வனத்துறை தோன்றியது. டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர் அதன் முதல் தலைவரானார். 1865-இல் ஒரு வனச் சட்டமும், 1878-இல் அதனினும் கடுமையான சட்டமும் வந்தன. காட்டைக் காக்கவேண்டும் என்னும் எண்ணம் அரசினருக்கு அன்று பிறந்ததில் புலிக்கோ மானுக்கோ பெரிய பங்கில்லை; தண்டவாளத்துக்கே பெரும்பங்கு. இன்று ஒரு கிலோமீட்டர் பாதைக்கு 1,660 கான்கிரீட் கட்டைகள் இடுகிறோம், மரம் தப்பியது.

ஆனால் அக்காட்டில் வாழ்ந்த மக்களின் கதை வேறு. அவர்கள் பைகா என்றும் கோண்டு என்றும் பெயர் பெற்ற பழங்குடியினர். பைகா மக்கள் ஏர் பூட்டி உழுவதில்லை. பூமி அன்னை ஆதலின் அவள் மார்பை இரும்பால் கீறலாகாது என்பது அவர்தம் கொள்கை. மரக்கிளைகளை வெட்டி எரித்து, அச்சாம்பலில் விதை தூவி, சில ஆண்டில் வேறிடம் செல்வர். இதற்குப் பேவார் என்று பெயர். மரத்தின் விலையை எண்ணிய அரசினர் இவ்வேளாண்மையைத் தடுத்தனர். 1890-இல், இன்றைய திண்டோரி மாவட்டத்தில் பைகாச் சக் என்று சில ஊர்களை ஒதுக்கி, அவ்வெல்லைக்குள் மட்டும் அதற்கு இடம் கொடுத்தனர். அம்மக்களின் வாழ்வு முதன்முதல் சுருங்கியதற்கு, நமக்குச் சோறு போடும் தண்டவாளமும் ஒரு காரணம் என்பதை இருப்புப்பாதை ஊழியர் அறிந்திருப்பது நன்று.

புலியைக் கண்டீரா என்று எல்லாரும் கேட்கின்றனர். கண்டோம். இரண்டாம் நாள் காலை, மூங்கில் புதரிலிருந்து இறங்கிய ஒரு பெண் புலி சாலையைக் கடந்து மறுபுறம் சென்றது. கடக்க அதற்கு ஒரு நிமிடமும் ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகப் பன்னிரண்டு வண்டிகள் அங்கே முட்டி மோதின. முன்வண்டியில் எழுந்து நின்றோரின் குல்லாயும் கைபேசியும் மறைத்தமையால், நம் இளைய மகன் கண்டது புலியின் வாலை மட்டுமே. அவன் அதை வைத்தே பள்ளியில் ஒரு வாரம் கதை சொன்னான் என்பது வேறு செய்தி.

ஆயினும் கான்ஹாவின் பெருமை புலியில் மட்டும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 785 புலிகள் உள. புலியை வேறு காடுகளிலும் காணலாம். ஆனால் பாராசிங்கா என்னும் சதுப்புமானில், கெட்டியான நிலத்தில் வாழும் ஓர் இனம் உண்டு. பன்னிரண்டு கிளை கொண்ட கொம்புடையது என்பது அப்பெயரின் பொருள். அவ்வினம் ஒரு காலத்தில் இக்காட்டில் மட்டுமே எஞ்சியது. 1955-இல் கான்ஹா தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதன் பின்னரும் அம்மான் குறைந்துகொண்டே வந்து 1970-இல் 66 ஆயிற்று. அறுபத்தாறு என்பது, அன்பர்களே, ஒரு புகைவண்டிப் பெட்டியின் இருக்கைகளைக்கூட நிரப்பாத எண்ணிக்கை.

இம்மான் புல்லையே நம்பி வாழ்வது. உயர்ந்த புல்லில்தான் கன்றை மறைத்து வைக்கும். புல்வெளிகளில் ஊர்கள் இருந்தன, மாடு மேய்ந்தது, தீயும் இடப்பட்டது. புல் உயரவில்லை, கன்று தங்கவில்லை. ஆகவே 1969 முதல், மையக்காட்டிலிருந்த ஊர்களை ஒவ்வொன்றாக வெளியே குடியேற்றினர். 1973-இல் புலிகள் காப்பகமான பிறகும் இது தொடர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இவ்வாறு பெயர்ந்தன. வயல் இருந்த இடத்தில் புல் வளர்ந்தது. வேலி கட்டிய பகுதியில் மான்களைப் பாதுகாத்துப் பெருக்கினர். இன்று அவை பல நூறாகப் பெருகியுள்ளன. 2015 முதல் சாத்புராக் காட்டிலும், 2023 முதல் பாந்தவ்கட்டிலும் அவற்றைக் கொண்டுபோய்க் குடியேற்றி வருகின்றனர். நாம் கண்ட புல்வெளியில் முப்பது, நாற்பது மான்கள் முழங்கால் அளவு பனிமூட்டத்தில் நின்றன. ஆண்மான்கள் சில, புல்லைக் கொம்பில் சுற்றி முடிசூடியது போலத் தலை நிமிர்ந்து நின்றன.

அப்புல்வெளியின் ஓரத்தில் ஒரு பெரிய மாமரமும், சற்றுத் தள்ளி வேறு இரண்டு மாமரங்களும் நின்றன. சால மரக் காட்டில் மாமரம் எவ்வாறு வந்தது என்று வழிகாட்டியைக் கேட்டோம். நாற்பது வயது மதிக்கத்தக்கவர், பைகா இனத்தவர். “இங்கே எங்கள் ஊர் இருந்தது. அந்த மரத்தை என் பாட்டனார் நட்டார். என் தந்தையார் சிறு பிள்ளையாக இருந்தபோது வெளியே வந்தோம்” என்று இந்தியில் அமைதியாகக் கூறினார். வண்டி நின்றது. மான்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்த மக்கள் இருவரும் திரும்பிப் பார்த்தனர். வீடு என்று சொல்ல அங்கே ஒரு கல்லும் இல்லை.

அன்னையாருக்கு இந்தி அரைகுறையாகவே விளங்கும். துணைவியார் மொழிபெயர்த்துச் சொன்னார். அன்னையார் சற்று நேரம் மரத்தையே பார்த்திருந்துவிட்டு, “ஊர்த் தெய்வத்தை என்ன செய்தார்களாம்? கேள்” என்றார். சுற்றுலா வந்தவர் எவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலும். வழிகாட்டி வியப்போடு திரும்பி, அன்னையாரை நோக்கியே விடை சொன்னார். அவர்கள் ஊர்த் தெய்வம் டாகூர் தேவ், மரத்தடியில் உறைபவர். புதிய ஊரிலும் ஒரு மரத்தடியைத் தேர்ந்து, முறைப்படி அழைத்து வணங்குகின்றனர். “ஆனால் என் பாட்டி இறக்கும் வரையில் இந்தத் திசையைப் பார்த்தே கும்பிட்டார்” என்றார்.

“நமக்காவது போய்வர ரயில் இருக்கிறது” என்றார் அன்னையார். வாயில் வரும்வரை அவர் வேறொன்றும் பேசவில்லை.

வெளியூர்த் தமிழராகிய நாம், ஊரை விட்டு வந்தோம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் ஏக்கம் கொள்கிறோம். அது பொய்யன்று. ஆனால் நாம் வந்தது சம்பளத்தை நாடி. மாறுதல் உத்தரவு வந்தாலும் பாஸும் பயணப்படியும் உடன் வந்தன. விட்டு வந்த வீட்டில் அண்ணனோ சிற்றப்பாவோ இருக்கிறார்; தெருவும் கோயிலும் அங்கேயே இருக்கின்றன. காட்டிலிருந்து வெளியேறியவர்க்கோ, சென்று காண அங்கே ஊரே இல்லை. தம் ஊர் இருந்த இடத்துக்குள், நம்மைப் போன்றவர் அனுமதிச்சீட்டு வாங்கிய நாளில் வழிகாட்டியாகவே அவர் செல்கிறார்.

இதைக் கேட்டு, மானைக் காத்தது தவறு என்று எவரும் முடிவு செய்யவேண்டா. ஊர்கள் பெயராதிருந்தால் அந்த அறுபத்தாறு என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவேண்டும். ஓர் இனம் அழிந்தால் எந்த உத்தரவும் அதைத் திருப்பிக் கொணராது. ஆனால் அதன் விலையை யார் கொடுத்தார் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். கான்ஹாவின் மானுக்காக நாக்பூரிலோ சென்னையிலோ எவரும் வீட்டைக் காலி செய்யவில்லை. 2006-ஆம் ஆண்டின் சட்டங்கள் வந்த பிறகு, புலிக்காட்டிலிருந்து மக்களை அவர்தம் இசைவும் கிராம சபையின் இசைவும் இன்றி வெளியேற்றலாகாது. குடும்பத்துக்கு 2008-இல் 10 இலட்சம் ரூபாய் என்று வகுத்த உதவித்தொகை 2021-இல் 15 இலட்சமாக உயர்ந்தது. 1969-இல் பெயர்ந்தவர்க்கு இச்சட்டமும் இல்லை, இத்தொகையும் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு வாரச் சந்தையைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். பச்சை குத்திய கைகளோடு பைகாப் பெண்டிர் சிலர் தானியக் குவியல்களின் முன் அமர்ந்திருந்தனர். அன்னையார் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, “இது வரகு அல்லவா!” என்றார். அவர்கள் கோதோ என்பது நம் வரகே. குட்கி என்பது நம் சாமையே. அவர்கள் மஹுவா என்று போற்றும் மரம் நம் இலுப்பையின் இனத்தது. வேனிலில் விடியற்காலையில் அதன் கீழ் உதிர்ந்த பூவைப் பொறுக்கி உலர்த்தி உணவாகவும் கொள்வர். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்னும் நம் பழமொழி அங்கே அன்றாட வாழ்க்கை. இரண்டு கிலோ வரகு வாங்கி வந்தோம். அவ்வாண்டுப் பொங்கலன்று நம் இல்லத்தில் வெண்பொங்கல் அந்த வரகில்தான் பொங்கிற்று.

காட்டு விடுதிக்குச் செல்ல விழையும் குடும்பங்களுக்கு நாம் கூறுவன சில. முதலாவது, புலியைக் காட்டுமாறு வழிகாட்டியை நெருக்காதீர். உங்கள் நெருக்குதலால்தான் வண்டிகள் விரைகின்றன. பன்னிரண்டு வண்டிகள் ஒரு விலங்கைச் சூழ்கின்றன. இரண்டாவது, ஒரு சவாரியையேனும் காட்டின் சூழ்பகுதியில் கொள்ளுங்கள். ஊர்கள் இன்று இருப்பது அங்கே. மூன்றாவது, விடுதிகள் சிலவற்றில் மாலையில் தீ மூட்டிப் பழங்குடி நடனம் ஏற்பாடு செய்வதுண்டு. காண்பதில் தவறில்லை, ஆடியவரோடு இரண்டு சொல் பேசி, எந்த ஊர், என்ன பயிர் என்று கேட்டு வாருங்கள். நான்காவது, தேனும் தானியமும் சந்தையிலேயே வாங்குங்கள். விலையைக் குறைக்க வாதாடாதீர். ஐந்தாவது, சிறுவர்க்கு முன்னரே மானின் கதையைச் சொல்லுங்கள். பூர்சிங் என்னும் பாராசிங்கா 2017 முதல் கான்ஹாவின் சின்னமாக உள்ளது. அப்பெயர் சிறுவர் மனத்தில் எளிதில் தங்கும்.

முதியோரை அழைத்துச் செல்லலாமா என்று சிலர் ஐயுறுகின்றனர். வண்டி குலுங்கும், இடுப்பு வலியுள்ளவர் ஒரு நாளைக்கு ஒரு சவாரியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அழைத்துச் செல்லுங்கள். கேட்கவேண்டிய கேள்வி சில வேளைகளில் அவர்களுக்கே தோன்றும்.

ஜபல்பூர் அன்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, அடுத்த திங்கள் இப்பகுதியில் நருமதைக் கரையின் பேடாகாட் பளிங்குப் பாறைகளைப் பற்றி எழுதுவோம்.